ட்வைனும் ஃபெர்குசன்களும்

கூட்டமாகக் கப்பலேறி ஊர் சுற்றுவதைப் பற்றிய புத்தகங்களில் மார்க் ட்வைனின் 'தி இன்னசென்ட்ஸ் அப்ராட்' (1869) இன்னைக்கும் அலுக்காதது. 1867 ஜூனில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய குவேக்கர் சிட்டி என்ற நீராவிக் கப்பல்; கட்டணம் 1,250 டாலர்; ஐந்து மாதத்துக்கு மேல் பயணம். சான்பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றுக்கு அவர் அனுப்பிய கடிதங்கள்தான் புத்தகத்துக்கு அடிப்படை.

சக பயணிகளை ட்வைன் விட்டுவைக்கல. ராத்திரி பிரார்த்தனை, டாமினோ ஆட்டம், ஆர்வமாகத் தொடங்கிச் சீக்கிரமே கைவிட்ட நாட்குறிப்புகள், புராதனச் சின்னங்களை உடைத்துத் துண்டு எடுக்கும் பக்தி, எல்லாம் வருது. கலிலேயக் கடலில் படகுக்காரர் எட்டு டாலர் கேட்கிறார். இவங்க பாதிக்குப் பேரம் பேச, படகு போயிடுது. அந்தக் கடலில் போக ஏங்கினவங்க கரையிலேயே நிற்கிறாங்க.

ஆனா ஒரு விஷயம் உறுத்துது. பாரிஸ் வழிகாட்டியின் பெயர் பிடிக்காம, அவரை ஃபெர்குசன் என்று கூப்பிடறாங்க. அப்புறம் எந்த ஊர் வழிகாட்டியும் ஃபெர்குசன்தான். லூவர் போகணும்னா பட்டுக்கடைக்கு இழுத்துட்டுப் போன பாரிஸ்காரர் மேல கோபம் நியாயம். ஜெனோவாக்காரர் என்ன செய்தார்? கொலம்பஸின் கையெழுத்தைப் பெருமையாகக் காட்டினார். அவரிடம் ஒண்ணும் தெரியாதவங்க மாதிரி கேள்வி கேட்டு நோகடிக்கிறதுதான் புத்தகத்தின் பிரபலமான நகைச்சுவை.

வழிகாட்டி ஒப்பிக்கிறார்னு கிண்டல் செய்யலாம். ஆனா வர்றவங்க ஒரு நாள் நின்று போற கூட்டம். அவர் வேற என்ன செய்வார்? பயணிகளின் அசட்டுத்தனத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்த்த ட்வைன், இந்தப் பக்கம் திரும்பல. ஃபெர்குசன்கள் வரும் பக்கங்களை அவங்க இடத்தில் நின்று ஒருமுறை படிச்சுப் பாருங்க.