பங்காளியும் கடன்காரனும்

தமிழில் ‘பங்காளி’ என்ற சொல்லுக்குள்ளேயே சண்டை உட்கார்ந்திருக்கிறது. சொத்து இருக்கிற இடத்தில்தான் பங்காளி. பிரிக்கிற அன்றைக்குத்தான் அவன் யாரென்று தெரியும். தென்கொரியாவும் இந்தோனேசியாவும் கூட்டுச் சேர்ந்த கேஎஃப்-21 போர்விமானத் திட்டத்தை இந்தச் சொல்லை வைத்து வாசிக்கலாம்.

செலவில் 60 சதம் கொரிய அரசு, 20 சதம் விமானத்தைக் கட்டும் கொரிய நிறுவனம், 20 சதம் இந்தோனேசியா. இதுதான் ஏற்பாடு. இந்தோனேசியப் பங்கு ஏறக்குறைய 1.7 லட்சம் கோடி வோன். தவணை தவறிக்கொண்டே போனது. 2021இல் பங்கில் 30 சதத்தைப் பொருளாகத் தரலாமென்று முடிவாயிற்று. பாமாயில் பேச்சும் அடிபட்டது. பாக்கி நிற்கும்போதே, 2022இல், 42 ரஃபேல் விமானங்களுக்குப் பிரான்சோடு ஒப்பந்தம். கடைசியில் 2024இல் பங்கு 60,000 கோடி வோனாகச் சுருங்கியது. தொழில்நுட்பமும் அதற்குத் தக்கபடிதான்.

இதைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத்திரும்ப வருவது ஒரே கதையாடல்: பொறுமையான கொரியா, சொன்ன சொல் காக்காத இந்தோனேசியா. 2024 தொடக்கத்தில், கொரியாவில் பணியிலிருந்த இந்தோனேசியப் பொறியாளர்கள்மீது தகவல் கசிவு விசாரணை வந்ததும் கடன்காரன் திருடனாகவும் ஆகிவிட்டான்.

ஆனால் கொரியாவும் ஒரு வாசலில் கையேந்தி நின்றதுதான். 2014இல் அமெரிக்காவிடம் 40 எஃப்-35 விமானங்கள் வாங்க ஒப்புக்கொண்டபோது, கூடவே தொழில்நுட்பமும் வருமென்று நம்பியது. 2015இல் ரேடார் உள்ளிட்ட நான்கு முக்கியமான நுட்பங்களுக்கு அமெரிக்கா கையை விரித்துவிட்டது. ரேடாரைக் கொரியா தானே செய்துகொண்டது. எஞ்சின் இன்னமும் அமெரிக்க வடிவமைப்பு. விமானத்தை வெளியே விற்கவும் அங்கே அனுமதி கேட்கணும். மேலே இருப்பவன் மறுத்தால் அது கொள்கை. கீழே இருப்பவன் கேட்டால் பேராசை, எடுத்தால் திருட்டு. அறிவின் உடைமை இப்படித்தான் ஒழுக்கத்தின் மொழியைப் பேசுகிறது.

அப்படீன்னா ஜகார்த்தாவுக்கு வக்காலத்து வாங்கணுமா? நம் தோழர்கள் சிலருக்கு ‘சுயசார்பு’ என்ற சொல் கேட்டாலே போதும், மனசு இளகிவிடும். 1970களின் இறுதியில் கிழக்குத் திமோரின் மலைகளில் குண்டு போட்டவை அமெரிக்காவிடமிருந்து வாங்கிய ப்ராங்கோ விமானங்கள். உள்நாட்டில் செய்த விமானமாயிருந்தால் அந்த மலைவாசிக்கு என்ன வித்தியாசம்? 2021இல் கேஎஃப்-21 வெளியீட்டு விழாவுக்குப் போன பாதுகாப்பு அமைச்சர் பிரபோவோ, 1998இல் ஜனநாயகச் செயல்பாட்டாளர்கள் கடத்தப்பட்ட விவகாரத்தில் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டவர். 2024இல் அவரே ஜனாதிபதி.

தமிழில் கடன் கொடுத்தவனும் கடன்காரன்தான், வாங்கியவனும் கடன்காரன்தான். சியோலும் ஜகார்த்தாவும் யார் யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கின்றன. பாமாயிலைக் கொடுத்துக் கழிக்கலாம் என்கிறபோது, அந்த எண்ணெய்க்காகச் சுமத்ராவிலும் காலிமந்தானிலும் காட்டையும் நிலத்தையும் இழந்தவர்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை. பங்கு கேட்காமலே பங்காளியாக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சேரவேண்டிய பாக்கியிலிருந்து தொடங்காத எந்த விமர்சனமும் இரண்டு அரசுகளுக்கும் கணக்கெழுதிக் கொடுக்கிற வேலைதான்.