ஆளில்லா அறைகளும் பெயரில்லாப் பெட்டிகளும்

கைவிடப்பட்ட மனநல மருத்துவமனைகளைப் படமெடுத்து நூலாக்குவது மேலைநாடுகளில் தனியொரு கலைப்பிரிவாகவே வளர்ந்துவிட்டது. அவற்றுள் இரண்டு முயற்சிகள் நம் ஆயர்களும் இறையியல் மாணவரும் அறியத்தக்கவை. ஒன்று, கிறிஸ்டோபர் பெய்ன் 2009இல் வெளியிட்ட 'அசைலம்' என்னும் படநூல். மற்றது, நியூயார்க் மாநிலத்து வில்லர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் விட்டுச்சென்ற பெட்டிகளை ஜான் கிறிஸ்பின் 2011 முதல் எடுத்துவந்த படங்கள்.

பெய்ன் கட்டடக்கலை பயின்றவர். முப்பது மாநிலங்களில் ஏறத்தாழ எழுபது மருத்துவமனைகளுக்குச் சென்று இந்நூலை ஆக்கினார். நீண்ட நடைகூடங்கள், உரிந்து தொங்கும் வண்ணப்பூச்சு, உடைந்த சாளரத்தின் வழியே விழும் ஒளி ஆகியவையே படங்களின் பொருள். இந்நிலையங்கள் ஒருகாலத்தில் தமக்கு வேண்டியதைத் தாமே விளைவித்தும் செய்தும்கொண்ட சிற்றூர்களாக இருந்ததையும் அவர் காட்டத் தவறவில்லை. நூலுக்குக் கட்டுரை வழங்கிய ஆலிவர் சாக்ஸ், இவ்விடங்கள் கொடுமைக்கூடங்கள் மட்டுமல்ல, பலருக்குப் புகலிடமாகவும் இருந்தன என்று வாதிடுகிறார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. கதவுகள் திறக்கப்பட்டு வெளியே வந்தவருள் பலருக்குத் தெருவும் சிறையுமே மிஞ்சின என்பது அந்நாட்டு வரலாறு.

ஆயினும் இப்படங்களின் அழகு என்னை உறுத்துகிறது. கட்டிலில் ஆள் இல்லாததால்தான் அவ்வறை அழகாகிறது. நோயாளி இருந்தபோது உள்ளே எட்டிப் பார்க்க மறுத்த உலகம், அவன் போனபின் சுவரைக் கண்டு இரங்குகிறது. இதற்கு விலக்கான படமும் நூலில் உண்டு. ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் பல்துலக்கிகள் பெயர்ச்சீட்டுகளின் கீழ் வரிசையாகத் தொங்குகின்றன. நூறு நடைகூடங்கள் சொல்லாததை அந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது.

கிறிஸ்பின் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறார். 1869இல் திறக்கப்பட்ட வில்லர்ட் 1995இல் மூடப்பட்டபோது, மேல்மாடப் பரணில் நானூறுக்கு மேற்பட்ட பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டு மாநில அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன. உள்ளே வந்த நாளில் நோயாளி கொண்டுவந்தவை அவை. துணிமணி, கடிதங்கள், தையல் சாமான்கள், குடும்பப் படங்கள் என்று எல்லாம் மடித்துவைத்தபடி இருந்தன. போன சிலநாளில் திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்தோடு அடுக்கிய பெட்டிகளாகவே அவை தோன்றுகின்றன. டார்பி பென்னியும் பீட்டர் ஸ்டாஸ்ட்னியும் இப்பெட்டிகளைக் கொண்டு சிலருடைய வாழ்க்கையை மீட்டெழுதி 2008இல் நூலாக்கினர். பெட்டிகளைப் பார்க்க விரும்புவோர் அதையும் உடன் படிக்கவேண்டும். படத்தால் மட்டும் ஓர் ஆளை அறிய இயலாது.

ஆனால் இங்கும் ஒரு தடை. நோயாளியின் அந்தரங்கம் காக்கும் விதிகளை முன்னிட்டு உரியவரின் முழுப்பெயரை வெளியிட மாநிலம் இசையவில்லை. வில்லர்டின் கல்லறைத் தோட்டத்திலோ ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் பெயரின்றி, எண்களின் கீழ் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். காப்பதற்கென்று வகுத்த விதியே மறைப்பதற்கும் உதவுகிறது.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் நாம் பெரும்பாலும் பன்றிகளிடம் அதிக நேரம் நின்றுவிடுகிறோம். கல்லறைகளிடையே சங்கிலியோடு வாழ்ந்த அம்மனிதனிடம் ஆண்டவர் பெயரைக் கேட்கிறார். அவன் கூறும் விடையோ பெயரன்று. ஆயிரக்கணக்கானோர் கொண்ட ரோமப் படைப்பிரிவைக் குறிக்கும் சொல். ஏறக்குறைய ஓர் எண். கதையின் முடிவும் கவனிக்கத்தக்கது. அவன் உடன்வர விரும்பியும், ஆண்டவர் அவனைத் தன் வீட்டாரிடமே அனுப்புகிறார்.

நம் நாட்டு நிலை வேறு. 1794இல் சென்னையில் தொடங்கப்பெற்று, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட மனநல மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. நம்மிடம் பாழடைந்த கட்டடத்தின் சோகம் குறைவு; கட்டடம் நிற்க, உள்ளிருப்பவரை அழைத்துப்போக வீட்டார் வராமையே நம் சோகம். நலம்பெற்ற பின்னும் போக வீடில்லாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவோர் அங்கே உண்டு. ஏர்வாடியிலோ பெட்டிகூட எஞ்சவில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று அங்கிருந்த தனியார் காப்பகமொன்றின் ஓலைக்கொட்டகை எரிந்ததில் 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் ஓட முடியவில்லை. நாளிதழ்களில் வந்த படங்களில் நினைவில் நிற்பது அச்சங்கிலிதான். சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்துள்ளது. தர்காவையோ கோயிலையோ குறைசொல்லும் முன், நோயைப் பேயென்று முடிவுகட்டும் கூட்டங்கள் நம்மிடையேயும் உள்ளன என்பதை மறக்கலாகாது.

பெய்னின் படங்களிலும் கிறிஸ்பினின் படங்களிலும் காணாத ஒன்று, பெட்டி அடுக்கப்பட்ட வீடு. அதைக் கணக்கில் கொண்டது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1957இல் தொடங்கிய அதன் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினரும் தங்குவது சிகிச்சையின் பகுதியாகவே கொள்ளப்பட்டது. இம்முறையைப் போற்றிப் பேசுவது எளிது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் நின்று பார்த்தால் அதன் விலை தெரியும். கோர்வைச் சேலை நெய்யத் தறிக்கு இருவர் வேண்டும். ஒருவர் நடுவில் நெய்ய, மற்றவர் பக்கத்திலிருந்து கரை நாடாவை ஓட்டவேண்டும். மனைவி நோயுற்றுக் கணவன் துணைக்குச் சென்றால், திரும்பும்வரை தறி நிற்கும், கூலியும் நிற்கும். போகாவிட்டால் அவள் தனியே போகிறாள், பெட்டியோடு. காஞ்சியிலிருந்து கீழ்ப்பாக்கம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். ஆயினும் அந்த வீட்டுக்கு அது எவ்வளவு தொலைவு என்பதை எந்தப் புகைப்படக்காரரும் இன்னும் படமெடுக்கவில்லை.