போட்டிப் பாட்டும் பெற்றோர் பணமும்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆந் திகதி இரவு, மொஸ்கோவின் 'முதலாம் அலைவரிசை'யில் 'குரல்: சிறுவர்' என்னும் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று ஒளிபரப்பாகியது. கடைசி மூவருள் ஒருத்தி பத்து வயதுச் சிறுமி. அவளுடைய தாய் அல்சூ, 2000ஆம் ஆண்டு யூரோவிஷன் போட்டியில் ருஷ்யாவின் சார்பிற் பாடி இரண்டாமிடம் பெற்ற புகழ்மிக்க பாடகி. தந்தை செல்வம் மிக்க வர்த்தகர். நேயர் அளித்த வாக்குகளில் 56.5 சதவீதம் இச்சிறுமிக்குச் சேர்ந்தது. கசக்ஸ்தானிலிருந்து வந்து பாடிய சிறுவனொருவனுக்கு 27.9 சதவீதமே கிட்டியது.

முடிவு வெளியானதும் எழுந்த கண்டனம் சிறிதன்று. தொலைக்காட்சி நிறுவனம் வேறு வழியின்றி, கணினிக் குற்றங்களை ஆராயும் 'குரூப்-ஐபி' நிறுவனத்திடம் விசாரணையை ஒப்படைத்தது. ஏறத்தாழ 300 தொலைபேசி எண்களிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட குறுஞ்செய்திகள் ஒரே போட்டியாளருக்குச் சென்றமை வெளிப்பட்டது. மே 16ஆந் திகதி முடிவு இரத்துச் செய்யப்பட்டது. மே 24ஆந் திகதி சிறப்பு நிகழ்ச்சியொன்றை நடத்தி, இறுதிச் சுற்றுக்கு வந்த பிள்ளைகள் அனைவரும் வெற்றியாளரே என அறிவித்தனர்.

பிள்ளைகளின் பெயர்களை இங்கு நான் எழுதவில்லை. அவற்றைத் தேடியறிதல் எவர்க்கும் அரிதன்று. ஆயினும் வயது வந்தோர் செய்த காரியத்துக்கு ஒரு குழந்தையின் பெயரை முத்திரையாகக் குத்துவது விமர்சகனுக்கு அழகன்று.

இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசிய பலரும், பணக்காரப் பெற்றோர் தம் மகளுக்கு வெற்றியை விலைகொடுத்து வாங்கினர் என்ற ஒரே வாக்கியத்தோடு அமைதியடைந்துவிட்டனர். குறுஞ்செய்திகளைப் பெற்றோரே அனுப்பினரென நாம் குற்றஞ்சாட்ட வரவில்லை. அவ்வாறே இருந்தாலுங்கூட, அந்த வாக்கியம் பிரச்சினையின் வாசலிலேயே நின்றுவிடுகின்றது. விலைக்கு வாங்கக்கூடியதாக வெற்றியை முதலில் கடையில் வைத்தவர் யார் என்று அது கேட்பதில்லை.

இப்போட்டியின் அமைப்பைச் சற்று ஊன்றி நோக்குக. இது ஒல்லாந்தில் 2010ஆம் ஆண்டு தோன்றி, பல நாடுகளுக்கும் உரிமம் விற்கப்பட்ட ஒரு வார்ப்பு. தொடக்கச் சுற்றில் நடுவர்கள் பாடுவோருக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருப்பர். குரல் பிடித்தாலன்றி நாற்காலி திரும்பாது. முகம், உடை, குலம், செல்வம் எதுவும் கணக்கில் இல்லை, குரலொன்றே கணக்கு என்பது அந்நாற்காலி சொல்லும் சேதி. பார்ப்போர் உள்ளத்தில் நீதியுணர்வைத் தூண்டும் வலிமையுடைய காட்சி அது என்பதில் ஐயமில்லை. ஆனால் இறுதிச் சுற்றில் நாற்காலியின் அதிகாரம் கைத்தொலைபேசிக்கு மாறிவிடுகின்றது. 300 எண்களிலிருந்து 8,000 செய்திகள் எனின், ஓர் எண்ணுக்குச் சராசரியாக இருபத்தைந்துக்கு மேல். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது மக்களாட்சி. ஒருவர் விரும்பியவாறு கட்டணஞ் செலுத்தி மீண்டும் மீண்டும் அளிப்பது கொள்வனவு. இக்கொள்வனவுக்கு 'மக்கள் தீர்ப்பு' எனப் பெயர் சூட்டுவதே முதற் புரட்டு. பின்னர் ஒருவர் சற்று அதிகமாகக் கொள்வனவு செய்துவிட்டாரென்று கூச்சலிடுவது, வட்டிக்கடைக்காரன் பேராசையைக் கண்டித்துப் பிரசங்கஞ் செய்வதை ஒத்தது.

பெற்றோர் இவ்வமைப்புக்கு வெளியிலிருந்து நுழைந்து கெடுப்பவர் அல்லர். அவர்களை உள்ளே அழைத்து அமர்த்துவது நிகழ்ச்சிதான். பிள்ளை மேடையிற் பாடும்போது, பக்கத்து அறையில் தாய் கைகூப்பி நிற்பதையும் பாட்டி கண் துடைப்பதையும் மற்றொரு கமரா பிடித்துக்கொண்டிருக்கும். நாற்காலி திரும்பும் கணத்தில் நாம் காண்பது பிள்ளையின் முகத்தை மட்டுமன்று, தந்தை துள்ளிக் குதிப்பதையுந்தான். பாட்டின் நடுவே, ஒரு சரணம் முடியுமுன்பே, காட்சி அந்த அறைக்குத் தாவிவிடுகின்றது. இசை நிகழ்ச்சி என்ற வகையில் இது பெருங் குறை. பிள்ளை எந்த இடத்தில் மூச்சை அடக்கிச் சுருதியைப் பிடித்தது என்பதைக் கேட்க விடாமல், எந்த இடத்தில் தாய் அழுதாள் என்பதை நம் கண்ணில் திணிக்கின்றனர். பாட்டு சாக்காகி, குடும்ப நாடகமே பண்டமாகின்றது.

பெற்றோர் தம் பிள்ளைக்கு உதவுதல் இயல்புதானே, சங்கீத வகுப்புக்குப் பணங் கட்டுவதும் பணத்தின் உதவிதானே என ஒரு சாரார் கேட்பர். நியாயமான கேள்வி. ஆசிரியருக்குக் கொடுத்த பணம் பிள்ளையின் தொண்டையில் தங்குகின்றது. போட்டி முடிந்த பின்னும் அது அவளோடிருக்கும். வாக்குக்குக் கொடுத்த பணமோ நிறுவனத்தின் பையில் தங்குகின்றது. எனினும் முதலாவது உதவியிலும் ஏற்றத்தாழ்வு இல்லாமலில்லை. அதனைக் குறைக்கும் வழி, பயிற்சியைப் பொதுவுடைமை ஆக்குவதேயாகும். அதே மொஸ்கோவில் ஒருகாலத்தில் அத்தகைய முயற்சி நடந்தது. சோவியத் காலத்தில் நகரந்தோறும் சிறுவர் இசைப் பள்ளிகளும் முன்னோடிகள் மாளிகைகளும் அரசின் செலவில் இயங்கின. 1970இல் தோன்றிய, வானொலி தொலைக்காட்சிப் பெருஞ் சிறுவர் பாடற்குழுவை விக்டர் போப்போவ் வளர்த்தெடுத்தார். அங்கும் தெரிவு இருந்தது. அதிகாரமுடையோர் பிள்ளைக்குக் கதவு சற்று அகலத் திறந்திருக்கவுங்கூடும். பொற்காலம் பாடுவது எம் நோக்கமன்று. ஆனால் குழுவாக நின்று பாடும் பிள்ளைகளுள் தோற்றவன் என ஒருவன் இல்லை. சோவியத் மத்திய தொலைக்காட்சியின் வழிவந்த அதே அலைவரிசை, 2019இல் ஒரு குழந்தையின் குரலைச் சதவீதக் கணக்கில் எடைபோட்டமை காலத்தின் கோலம்.

பெற்றோரை அகற்றிவிட்டால் நீதி நிலைத்துவிடுமா? தென் கொரியா விடை கூறுகின்றது. அதே 2019இல், ஜூலை மாதம், 'புரொடியூஸ் எக்ஸ் 101' என்ற போட்டி முடிவுற்றது. 101 இளைஞரிலிருந்து நேயர் வாக்கால் பதினொருவர் தெரிவாயினர். முடிவுப் பட்டியலைப் பார்த்த நேயர் சிலர் சாதாரணக் கழித்தற் கணக்கொன்றைச் செய்தனர். அடுத்தடுத்த இடங்களில் நின்றோரிடையே 29,978 என்ற ஒரே வித்தியாசம் பல முறை வந்தது! எந்தப் பெற்றோரும் அங்கு வாக்கு வாங்கவில்லை; நிகழ்ச்சியை ஆக்கியோரே எண்களை எழுதிக்கொண்டனர். தயாரிப்பாளர் ஆன் ஜுன்-யொங் 2020 மே மாதத்தில் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். கணித ஆசிரியர் எவரேனும் இதனை வாசிப்பின், வகுப்பிற் சொல்லத்தக்க உதாரணம் இது.

இனி நம் பக்கம். 2023ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் சீ தமிழ் அலைவரிசை நடத்திய சிறுவர் பாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணத்துச் சிறுமியொருத்தி முதலிடம் பெற்றாள். மலையகத் தோட்டமொன்றின் சிறுமியும் அதே மேடையிற் பாடினாள். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்த வேளை அது. தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் லயன் வாழ்க்கை பற்றிய பேச்சு அன்றே முதன்முறை எழுந்திருக்கும். அந்த நன்மையை நான் மறுக்கேன். ஆனால் வறுமையும் போரும் மேடையிலே எவ்வாறு கையாளப்பட்டன என்பதையும் பார்க்கவேண்டும். பணமுள்ள பெற்றோரிடம் வாக்கைப் பெறும் இவ்வார்ப்பு, பணமில்லாப் பெற்றோரிடம் கண்ணீரைப் பெற்றுக்கொள்கின்றது. பின்னர், அனுதாபத்தால் வென்றாளென்று முணுமுணுப்போரும் தோன்றுவர். கண்ணீரைக் காட்டியது கமரா, பழி பிள்ளைக்கு.

இந்தியாவில் 2017இல் வந்த சிறுவர் தொழில் விதிகள் ஓரளவு உதவுவன. காட்சிக் கலைகளில் ஈடுபடும் பிள்ளையை நாளொன்றுக்கு ஐந்து மணிக்கு மேல் வேலைவாங்கலாகாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணிக்கு மேல் நிறுத்தலாகாது. வருமானத்தில் 20 சதவீதமாவது பிள்ளையின் பெயரில் நிலையான வைப்பில் இடவேண்டும். பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக ஈடுபடுத்தலாகாது என்றும் உண்டு. இக்கடைசி விதியே எனக்குக் கவலை தருகின்றது. தந்தை வேலைக்கு விடுமுறை எடுத்து, தாய் நகையை அடகு வைத்து, ஊர் முழுவதும் பதாகை கட்டிய பின், ஒன்பது வயதுப் பிள்ளையிடம் 'உனக்கு விருப்பமா?' என்று கேட்பதன் பொருள் என்ன? புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம் வகுப்பறைகளிலேயே இக்கேள்விக்கு நேர்மையான விடை கிடைப்பதில்லை. தமிழ்த்தினப் போட்டிகளில் மத்தியஸ்தம் வகித்த ஆசிரியர்கள் நன்கறிவர்: முடிவு கூறியதும் புள்ளித்தாளைக் கேட்டு வருவது பெரும்பாலும் பெற்றோரே, பாடிய பிள்ளை அதற்குள் நண்பரோடு விளையாடப் போயிருக்கும்.

மொஸ்கோவின் சிறப்பு நிகழ்ச்சிக்கு ஒரு சொல். எல்லாரும் வெற்றியாளர் என்ற தீர்ப்பைப் பெருந்தன்மை எனப் பலர் பாராட்டினர். எனக்கோ அது கணக்கை மூடும் தந்திரமாகவே படுகின்றது. இரத்தான முடிவில் அநீதிக்குள்ளானவர் எனச் சுட்டத்தக்க ஒரு பிள்ளை இருந்தான். அவனுக்குரிய இடம் எதுவென்பது எல்லாருக்கும் பகிர்ந்தளித்த வெற்றியில் கரைந்துபோயிற்று. அவமானத்தைச் சுமந்த பத்து வயதுச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியோரும் அதே கூட்டத்தில் மறைந்துகொண்டனர். அச்சிறுவன் அவ்வாண்டு நவம்பரில் சிறுவர் யூரோவிஷன் போட்டியில் கசக்ஸ்தானின் சார்பிற் பாடி, இரண்டாமிடம் பெற்றான்.