கிணற்றடியில் நின்றது யார்? பஞ்சாபி கிராமத்துப் பிள்ளைப்பருவ எழுத்துகள்

பஞ்சாபி கிராமத்தில் கழித்த பிள்ளைப்பருவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கிணற்றைத் தொடாமல் போவது அபூர்வம். கவலைக் கிணறுபோல அங்கே மாடு முன்னும் பின்னும் நடப்பதில்லை. கண்கட்டுடன் வட்டமாகச் சுற்றி வரும். பல்சக்கரம் திரும்பத் திரும்ப, மாலையாகக் கோத்த மண்கலயங்கள் தண்ணீரை அள்ளிவந்து தொட்டியில் கொட்டும். சக்கரம் பின்னால் உருண்டுவிடாமல் தடுக்கும் இரும்பு நாக்கை ‘நாய்’ என்பார்கள். அதன் டக்டக் ஓசை நின்றால் மாடு நின்றுவிட்டது என்று அர்த்தம். மாட்டுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து ஓட்டுவது பெரும்பாலும் பையன்களின் வேலை.

1960களின் பிற்பகுதியில் குள்ள ரகக் கோதுமையும் குழாய்க்கிணறும் வந்தபின் இந்தச் சக்கரங்கள் வேகமாக மறைந்தன. பசுமைப் புரட்சிக்குத் தோள் கொடுத்த நிறுவனங்களில் முக்கியமானது லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம். 1968 முதல் 1976 வரை அதன் துணைவேந்தராக இருந்தவர் மொகிந்தர் சிங் ரந்தாவா. ஹோஷியார்பூர் மாவட்டத்துப் போதல் கிராமத்தைப் பூர்விகமாகக் கொண்ட ஐ.சி.எஸ். அதிகாரி, நாட்டுப்பாடல்களைத் தொகுத்தவர், தன்வரலாறும் எழுதியவர். அதே வளாகத்தில் பழைய கிராம வாழ்வுக்கு ஓர் அருங்காட்சியகம் எழுந்ததிலும் அவர் கைதான் முதன்மை. பழைய கிராமத்தைக் கலைத்த கையும் அதைச் சேகரித்து வைத்த கையும் ஒன்றே. இந்த வகை எழுத்தின் பெரும்பகுதி அந்த அருங்காட்சியக மனநிலையில் பிறந்தது என்பது என் எண்ணம்.

அதன் சிறந்த உதாரணம் கியானி குர்தித் சிங்கின் ‘மேரா பிண்ட்’, அதாவது ‘என் ஊர்’. மாலேர்கோட்லா பக்கத்து மிட்டேவால் கிராமத்தின் விளையாட்டு, கல்யாணம், திருவிழா, ஒப்பாரி என்று எதையும் விடாத களஞ்சியம் அது. பஞ்சாபி உரைநடையில் அதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் களஞ்சியத்துக்குள் பசியோடு ஒருவன் நின்றால் அவனும் ஒரு வழக்கமாகப் பதிவாகிவிடுகிற ஆபத்து இருக்கிறது. குஷ்வந்த் சிங்கின் வழி வேறு. இன்று பாகிஸ்தானில் உள்ள ஹடாலியில் பாட்டியின் வளர்ப்பில் இருந்த நாட்களை அவர் சில பக்கங்களில் சொல்லி முடித்தார். தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல் மூலம் நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பாட்டி அறிமுகம். 2014இல் குஷ்வந்த் சிங் இறந்தபின் அவருடைய அஸ்தியின் ஒரு பகுதி ஹடாலிப் பள்ளியில் பதிக்கப்பட்டது. அழகான எழுத்துதான், என்றாலும் வீட்டு வாசலைத் தாண்டி ஊருக்குள் அதிகம் போகாது.

ஊருக்குள் போனவர்கள் நிலமில்லாத வீடுகளிலிருந்து வந்தார்கள். ஜைத்தோவின் குர்தியால் சிங் தச்சர் குடும்பத்துப் பிள்ளை. பன்னிரண்டு வயதளவில் பள்ளியை விட்டு வண்டிச்சக்கரம் செய்யப் போனவர். பிறகு தனியாகப் படித்து ஆசிரியரானார். 1999இல் ஞானபீடம் பெற்றார். அந்த ஊர்களில் தச்சருக்கும் கொல்லருக்கும் கூலி காசாக அல்ல, அறுவடைத் தானியமாக வரும். விளைச்சல் பொய்த்தால் உழவர் வீட்டோடு பட்டறையும் பட்டினி. இந்த உலகிலிருந்து வந்தவர் என்பதால்தான், 1964இல் வெளிவந்த ‘மடி தா தீவா’ நாவலில் ஜக்சீர் என்ற பண்ணையாளின் துயரத்தை அவரால் அவ்வளவு நிதானமாகச் சொல்ல முடிந்தது. ஜக்சீரின் தகப்பன் நட்ட மரத்தை நிலச்சொந்தக்காரரின் மகன் வெட்டிவிடுகிறான். நட்டவனுக்கு மரத்தில் உரிமை இல்லை. மண் அவனுடையது அல்லவே.

இதற்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு. 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில உரிமைமாற்றச் சட்டம், ‘விவசாயச் சாதிகள்’ என்று அரசு பட்டியலிட்டவர்களின் நிலம் பட்டியலுக்கு வெளியே போவதைத் தடுத்தது. வட்டிக்கடைக்காரரிடமிருந்து உழவரைக் காப்பது நோக்கம். ஆனால் காசு சேர்த்த தலித்துக்கும் அந்தக் கதவு அடைத்தே கிடந்தது. 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர். இந்திய மாநிலங்களில் இதுவே அதிக விகிதம். அவர்கள் கையில் உள்ள விளைநிலமோ மிகச் சொற்பம்.

ஜலந்தர் மாவட்டத்து மாதோபூரில் 1955இல் பிறந்த பல்பீர் மாதோபுரி, 2002இல் ‘சாங்கியா ருக்’ என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். கிளை வெட்டப்பட்ட மரம் என்று தலைப்பு. குர்தியால் சிங்கின் மரத்தை அடுத்து இதைப் படிப்பது தனி அனுபவம். கரும்புத் தோட்டமும் மழைக்கால வரப்பும் இங்கும் உண்டு. ஆனால் மற்ற புத்தகங்களில் பையன் விளையாடப் போகும் வயலுக்கு இவர் கூலி வேலைக்குப் போகிறார். சமத்துவம் போதித்த சீக்கியத்தின் மண்ணிலும் சாதி எப்படி நிலைத்தது என்பதை வாதமாக்காமல், யார் எந்தப் பாத்திரத்தில் என்ன வாங்கிக் குடித்தார்கள் என்ற அளவிலேயே சொல்லிப் போகிறார். இந்த வரிசையில் ஒன்றே ஒன்றைத் தமிழ் வாசகர் கையில் கொடுக்கலாம் என்றால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

பெண்கள் எழுதியவை குறைவு. தலீப் கௌர் டிவாணாவின் ‘நங்கே பைராங் தா சஃபர்’ நிலவுடைமை வீட்டின் உள்கட்டிலிருந்து எழுந்த குரல். லோஹ்ரி நெருப்பைப் பற்றி ஆண்கள் உருகி எழுதுவார்கள். அந்தப் பண்டிகை ஆண்பிள்ளை பிறந்த வீட்டில்தான் கோலாகலமாகும் என்பது பெண்களுக்கு எப்போதும் தெரிந்தது. 2001இல் பஞ்சாபில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண்பிள்ளைகளுக்கு 798 பெண்பிள்ளைகளே இருந்தனர்.

இப்போது புத்தகத்தைவிட ஒளிப்பதிவு முந்துகிறது. 1947 பிரிவினை ஆவணக்காப்பகம் போன்ற அமைப்புகளும் இரு பஞ்சாபிலும் உள்ள யூடியூப் பதிவர்களும் முதியவர்களைத் தேடிப் பேசவைக்கிறார்கள். கடந்த பதினைந்து ஆண்டுகளில் பேசியவர்கள் பலரும் 1947இல் பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர்கள். ஆக, பிரிவினையின் வரலாறாகச் சேர்வதில் பெரும்பங்கு பிள்ளைப்பருவ நினைவுதான். அவர்களுக்குத் தலைவர்களின் பேச்சுவார்த்தை தெரியாது. பக்கத்து வீட்டு மாமரமும் வாத்தியாரின் பிரம்பும் தெரியும். கிழக்குப் பஞ்சாப் கிராமங்களிலிருந்து போன முஸ்லிம்களில் நெசவாளர், எண்ணெய் ஆட்டியவர், குயவர், பாட்டுக்காரர் ஏராளம். குர்தித் சிங் போன்றவர்களின் பக்கங்களில் தொழிலின் பெயரால் மட்டும் தென்பட்ட அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள், ஃபைசலாபாத் பக்கத்து ஊர்த் திண்ணைகளில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, தங்கள் பழைய தெருவில் எந்த வீட்டுக் கிணற்றில் தங்களுக்குத் தண்ணீர் கிடைத்தது, எதில் கிடைக்கவில்லை என்று கேமராவிடம் சொல்கிறார்கள்.