வினைத்திரிபும் சமூக உறவும்: ‘செய்’ என்னும் வாய்பாடு பற்றிச் சில குறிப்புகள்

ஸ்பானிய மொழியைக் கற்கப் புகும் மாணவன் முதன்முதலாக மனனஞ் செய்வது ஓர் அட்டவணையாகும். பேசுதல் எனப் பொருள்படும் ‘ஹப்லார்’ போன்றதோர் ஒழுங்கான வினையை எடுத்து, மூவிடத்துக்கும் இரண்டு எண்ணுக்கும் உரிய ஆறு வடிவங்களைக் காலந்தோறும் அவன் ஒப்புவிக்கவேண்டும். நிகழ்வதைக் கூறும் பாங்கு, ஐயத்தையும் விருப்பத்தையும் கூறும் பாங்கு, ஏவற் பாங்கு என அறைகள் விரிந்து செல்லும். இவ்வட்டவணை இலத்தீன் இலக்கணத்தின் வழி வந்தது. நெப்ரிகா 1492 இல் தமது ஸ்பானிய இலக்கணத்தை அரசி இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கியபோது, முன்னுரையிலேயே மொழியையும் பேரரசையும் இணைத்துப் பேசினார். அவ்வாண்டிலேயே கொலம்பசின் கப்பல்களும் புறப்பட்டன. வினைத்திரிபு அட்டவணை ஐரோப்பாவின் எல்லையைத் தாண்டிச் சென்ற வரலாறும் அக்கப்பல்களின் வரலாறும் வேறு வேறானவை அல்ல.

தமிழைப் பொறுத்தவரை அவ்வட்டவணையைக் கொணர்ந்தவர்கள் போர்த்துக்கேய யேசுசபையினர். முத்துக்குளித்துறையிலே பணியாற்றிய அன்றிக் அடிகளார், பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தமிழ் இலக்கணம் ஒன்றைப் போர்த்துக்கேய மொழியில் எழுதினார். நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்த அந்நூல் 1982 இலேதான் அச்சாகியது. யாழ்ப்பாணத்தோடு நேர்த் தொடர்புடைய முயற்சி ஒல்லாந்தருடையது. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் கைப்பட்டதும் இங்கு வந்த பிலிப்பு பல்தேயஸ் என்னும் பாதிரியார், தாம் கண்டவற்றை 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் நூலாக வெளியிட்டார். அந்நூலிலே தமிழ் எழுத்துகளும், பெயர் வேற்றுமையும் வினைத்திரிபும் காட்டும் சுருக்கமான இலக்கணமும் உள்ளன. குடாநாட்டுச் சாதிகளைப் பற்றிய வருணனையும் அதே நூலில் உண்டு. மக்களை வகைப்படுத்திய கண்ணும் வினைகளை வகைப்படுத்திய கண்ணும் ஒன்றே என்பது கவனித்தற்பாலது. இதன் பின்னர் சீகன்பால்க் (1716), பெஸ்கி (1738), இரேனியஸ் (1836), போப் எனத் தொடரும் வரிசை பலரும் அறிந்ததே. அதனை இங்கு விரிக்கவேண்டியதில்லை.

இவ்விலக்கணங்களை வெறும் திணிப்பு எனத் தள்ளிவிடுதல் எளிது. எமது அறிஞர் சிலர் அவ்வாறே செய்துள்ளனர். ஆயின், வயதுவந்த பின்னர் தமிழைக் கற்கவேண்டியிருந்த அந்நியனுக்கு நூற்பா மனனத்தைவிட அட்டவணையே பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. பேச்சுவழக்கை இலக்கணப் பொருளாக ஏற்கும் துணிவும் முதலில் அவர்களிடமே காணப்பட்டது. குறை அதுவன்று. இலத்தீன் மொழியின் அறைகளை நிரப்பவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால், தமிழிலே எச்சமாகவும் துணைவினையாகவும் நிற்பவை அவ்வறைகளுள் இடப்பட்டன. தமிழில் இருந்தும் அறை இல்லாதவை வெளியே நின்றன. வினைமுற்று என்பது ‘யார், எப்போது’ என்ற இரண்டு வினாக்களுக்கு விடையாகச் சுருங்கியது.

தமிழ் இலக்கண மரபு வினையை எவ்வாறு நோக்கியது? பதின்மூன்றாம் நூற்றாண்டிலே நன்னூல் செய்த பவணந்தி, ஒரு வினைச்சொல் தருவன எனச் செய்பவன், அவன் கையாளும் கருவி, தொழில் நிகழும் நிலம், தொழில், அதன் காலம், விளையும் பொருள் ஆகிய ஆறையும் குறிப்பிடுவர். உரையாசிரியர் இதற்குக் காட்டும் உதாரணம் குடம் வனையும் குயவன். குயவனும் திரிகையும் நிலமும் கையின் அசைவும் காலமும் குடமும் ‘வனைந்தான்’ என்ற ஒரு சொல்லுள் அடங்கும். உழைப்புச் செயன்முறையை மூலதனத்தின் முதற் பாகத்திலே மார்க்ஸ் பகுத்துக் காட்டும் இடத்தைப் படித்தோர்க்கு இது உடனே நினைவுக்கு வரும். இதனைக்கொண்டு பவணந்தியைப் பொருள்முதல்வாதியாக்கிவிட முயல்வது நகைப்புக்குரியது. எனினும், வினை என்பது முதலில் தொழில். அத்தொழிலுக்குக் கையும் கருவியும் நிலமும் வேண்டும் என்ற உணர்வு அம்மரபில் இருந்தது. ‘செய்’ என்ற சொல்லே வினைக்கு வாய்பாடாகவும் வயலுக்குப் பெயராகவும் நிற்கும் மொழி இது. யாழ்ப்பாணத்தான் இன்றும் ‘கமம் செய்கிறான்’.

தொல்காப்பியர் இதே பொருளை வேற்றுமை பற்றிப் பேசுமிடத்து எட்டாகக் கூறுவர். பவணந்தியின் பட்டியலில் இல்லாத இரண்டு அங்கே உள: இன்னதற்கு என்பது ஒன்று, இது பயனாக என்பது மற்றொன்று. வேற்றுமைக்குரிய இடமாதலின் அவை அங்கே வந்தன என்று இலக்கணகாரர் விளக்கம் தருவர்; அது சரியான விளக்கமே. ஆயினும் யாருக்காக, எவர் பயனுக்காக என்ற வினாக்கள் வினையைப் பற்றிய பேச்சிலிருந்து எவ்வளவு இலகுவாகக் கழன்றுவிடுகின்றன என்பதும் சிந்தனைக்குரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலே இவ்விரு மரபுகளும் சந்தித்தன. சந்தித்த இடம் ஆறுமுக நாவலர் (1822–1879). வெஸ்லியன் பாடசாலையிற் கற்றும் கற்பித்தும், பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டும் அநுபவம் பெற்றவர் அவர். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவருடைய இலக்கணச் சுருக்கம் நன்னூற் பொருளை எண்ணிட்ட உரைநடைப் பத்திகளாக்கி, பகுதிதோறும் வினாக்களையும் இணைத்தது. பொருள் பவணந்தியுடையது, முறை மிஷன் வகுப்பறையினது. மதத்தில் எதிர்த்தவர்களிடமிருந்து அச்சையும் பாடநூலையும் பெற்றுக்கொண்ட நாவலரின் சாமர்த்தியத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அவர் வகுத்த செந்தமிழ் உரைநடை சாதியாசாரத்தை ஏற்ற சைவக் கல்வியின் கருவியாகவும் அமைந்தது. அப்பாடநூலின் வினைகள் யாழ்ப்பாணத்தின் எந்த வயலிலும் எந்த முற்றத்திலும் பேசப்பட்டவை அல்ல.

பேசப்பட்டவை எவை? ‘செய்யிறன், செய்தன், செய்வன்’ என்பன. தன்மை ஒருமைக்கு இங்கே விகுதி ‘அன்’. இதனைக் கொச்சை எனத் திருத்தும் ஆசிரியர், தொல்காப்பியர் தன்மை ஒருமைக்குக் கூறிய விகுதிகளுள் இல்லாத ‘அன்’ என்பதை நன்னூலார் சேர்த்துக்கொண்டமையை நோக்குவதில்லை. ‘செய்வன் யான்’ என்று எழுதினால் நூல் ஒப்பும். ‘நான் செய்வன்’ என்று பேசினால் பிரம்பு எழும். இரண்டும் ஒரே வரலாற்று வடிவம் என நான் வாதிடவில்லை; ‘ஏன்’ என்பது ஒலி குறுகி ‘அன்’ ஆகியும் இருக்கலாம். ஆனால் தண்டனைக்குக் காரணம் விகுதி அல்ல, அது வந்த வாய் என்பது இதனால் தெளிவாகிறது.

இன்னொரு வடிவம் இதனினும் சிறப்புடையது. ‘வந்தனான், வந்தனீ, வந்தனீர், வந்தனாங்கள்’ என்பன தமிழகத்தார் கேட்டு வியக்கும் யாழ்ப்பாண வழக்குகள். ‘வந்த’ என்னும் பெயரெச்சத்தோடு நான், நீ, நீர், நாங்கள் என்ற இடப்பெயர்களே ஒட்டி முற்றாகின்றன. படர்க்கையில் ‘வந்தவர், வந்தவை’ என வினையாலணையும் பெயரே பயனிலையாக நிற்கும். ‘நான் வந்தன்’ என்பதற்கும் ‘நான் நேற்று வந்தனான்’ என்பதற்கும் பொருள் வேறுபாடு உண்டு. முன்னது வருதலைச் செய்தியாகச் சொல்லும். பின்னதில் வருகை முன்னமே பெறப்பட்டது. எப்போது, எப்படி, யார் என்பதே செய்தி. ‘நான் அங்கை போறனான்’ என்றால் வழக்கமாகப் போகிறவன் என்று பொருள். இலத்தீன் அட்டவணையிலும் இதற்கு அறை இல்லை, நாவலர் பத்தியிலும் இல்லை. ‘இந்தக் கிணறு வெட்டினது ஆர்?’ என்ற வினாவுக்கு ‘நாங்கள் வெட்டினனாங்கள்’ என்பது விடை. அவ்விடையைச் சொல்லக்கூடிய கைகளுக்கே அக்கிணற்றில் நீர் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு விளக்கவேண்டியதில்லை.

ஏவல் வினைக்கு வருவோம். சமூகம் மிக அப்பட்டமாகத் தெரியும் இடம் அதுவே. இலக்கண நூல் ஏவலை ஒருமை, பன்மை என்று பிரிக்கும். அது எண்ணிக்கைப் பிரிவு. யாழ்ப்பாணப் பேச்சிலே ‘செய், செய்யும், செய்யுங்கோ’ என மூன்று படிகள் உள. நீ, நீர், நீங்கள் என்ற முன்னிலைப் பெயர்களுக்கு அவை முறையே இயையும். மூன்றும் ஒருவனை நோக்கியே சொல்லப்படலாம். வேறுபாடு எண்ணில் அன்று, நிலையில். ஒருவரைப் பன்மையாற் சுட்டுதலை இலக்கண விதியாகக் கொள்ளாது வழக்கிலே வந்த உயர்வாகத் தொல்காப்பியர் தனித்துக் கூறினார். கொடைச் சொற்களுள் ‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று, ‘தா’ என்பது ஒப்போன் கூற்று, ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கூற்று என வகுத்தவரும் அவரே. ஒரே செயலுக்கு, கேட்பவனின் நிலைக்கேற்ப மூன்று சொற்கள் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. மறைத்தவை பிற்காலப் பாடநூல்கள்.

மரியாதைப் படிகள் தமிழுக்கே தனியுரிமையானவை அல்ல. ‘உமது தயை’ எனப் பொருள்பட்ட தொடர் தேய்ந்து ‘உஸ்தெத்’ என்றாகி, முன்னிலையானைப் படர்க்கை விகுதியால் அழைக்க ஸ்பானியருக்கு உதவியது. ஐரோப்பிய மொழிகளின் இத்தகைய பெயர்களை ஆராய்ந்த பிரவுன், கில்மன் என்போர் 1960 இல், அதிகாரம், தோழமை என்ற இரண்டு அச்சுகளால் அவற்றை விளக்கினர். யாழ்ப்பாணத்துக்கு அவ்விளக்கம் முற்றாகப் பொருந்தாது. இங்கே வயது என்னும் அச்சைச் சாதி என்னும் அச்சு முறித்துவிடுகிறது. வேளாள வீட்டுச் சிறுவன் எழுபது வயதுத் தொழிலாளியை ‘வா, செய்’ என்றான். கிழவர் ‘செய்யிறன் நயினார்’ என்றார். மொழியியலாளர் சுசீந்திரராசா 1970-களில் யாழ்ப்பாணத் தமிழின் சாதி வேறுபாடுகள் குறித்து எழுதிய ஆய்வுகள் இவ்வுண்மைகளை விஞ்ஞான முறையிற் பதிவு செய்தன. அவற்றுக்குரிய கவனம் எமது இலக்கிய விமரிசகரிடமிருந்து கிடைக்கவில்லை என்றே கூறவேண்டும். குடும்பத்தினுள்ளும் இப்படிகளே இயங்கின. கணவன் மனைவியை ‘இஞ்சாரும்’ என அழைப்பான். அவள் ‘இஞ்சாருங்கோ’ என்பாள். பெயர் சொல்லாது ஓர் ஏவல் வினையையே விளியாக்கிக்கொண்ட இல்லறத்திலும் விகுதி ஒரு படி ஏறியே நின்றது.

1960-களின் முற்பகுதியில் ஈழத்திலே எழுந்த மரபுப் போராட்டத்தை இப்பின்னணியில் நோக்கவேண்டும். முற்போக்கு எழுத்தாளர் உரையாடலில் மக்கள் பேச்சைக் கையாண்டபோது அது ‘இழிசனர் வழக்கு’ எனத் தூற்றப்பட்டது. அவ்வசைச்சொல்லில் ‘வழக்கு’ என்பதினும் ‘இழிசனர்’ என்பதே முதன்மை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டும் தேநீர்க்கடைகளும் கோயில்களும் திறக்கப்படவில்லை. 1966 ஒக்டோபரிற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் 1968 இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் தேவைப்பட்டன. இலக்கியச் சண்டையும் தெருச் சண்டையும் ஒரே பத்தாண்டில் நிகழ்ந்தமை தற்செயலன்று.

எம்மவர் பக்கத்துக் குறையையும் கூறவேண்டும். பேச்சுவழக்கு என்ற பெயரில் ஏதோ ஒருவகைக் குறுக்கப்பட்ட சொற்களை எல்லாப் பாத்திரங்களின் வாயிலும் ஒரேவிதமாக இட்ட கதைகள் ஏராளம். கமக்காரனும் கூலியாளும் ஒரே விகுதியிற் பேசினால் அது யதார்த்தவாதம் ஆகாது. மண்வாசனை என்ற அலங்காரமே ஆகும். கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) இவ்விடத்து வேறுபடுகிறது. யார் யாரை ‘நீ’ என்கிறார், யார் யாருக்கு ‘நயினார்’ சேர்க்கிறார் என்பதை அவர் காதாற் கேட்டு எழுதினார். அவர் நடையிற் செப்பமில்லை என்று கூறிய விமரிசகர் அவ்வுரையாடல்களின் ஏவல் வினைகளை மட்டும் தொகுத்துப் பார்த்திருந்தால், ஒரு கிராமத்தின் உற்பத்தி உறவுகளை அங்கேயே வாசித்திருப்பர். ஆசிரியர் தாம் பேசும் பகுதிகளில் எழுத்துத் தமிழுக்கே திரும்பிவிடுவதும் உண்மை. வருணனை நாவலர் வகுத்த வழியில் நடக்க, உரையாடல் மட்டும் மக்கள் வழியில் நடப்பது ஈழத்து நாவலிலே பெரும்பாலும் தீராத முரண்பாடு.

பாடநூல் எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நூல்கள் ஏவலுக்கு இரண்டு வடிவங்கள் தருகின்றன என்றோம். பேச்சில் மூன்று படிகள் கண்டோம். அம்மூன்றின்மேலும் ‘அன்’ என்ற ஓர் இடைச்சொல் ஏறி ‘செய்யன், செய்யுமன், செய்யுங்கோவன்’ என்றாகும். கட்டளையின் கூர் மழுங்கி, வற்புறுத்தலும் உரிமையும் கலந்த தொனி அப்போது பிறக்கும். விருந்தினரை ‘இருங்கோவன்’ என்பர். தயங்கி நிற்கும் தோழனை ‘வாவன்’ என்பர். ஏவற் பாங்குக்கு மட்டுமே இவ்வாறு ஆறு வடிவங்கள் வருகின்றன. அவ்வாறையும் பாடநூலில் இடும்போது, ஒவ்வொன்றையும் யார் யாரிடம் சொல்லலாம் என்றிருந்தது, யாரிடம் சொன்னால் அடி விழுந்தது என்பதையும் அருகிலே குறிக்கவேண்டும்.