பெயரும் சர்வே எண்ணும்

ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் கூட்டம் தொடங்குமுன் அந்த மண்ணின் பூர்வகுடிகளைப் பெயர் சொல்லி மரியாதை செய்கிறார்கள். ஒரகடத்தில் நம் பெண் தொழிலாளர் கூட்டங்களிலும் அதைச் செய்யலாம் என்கிறார்கள் தோழிகள். செய்யலாம், ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு.

நம் மேடைகள் ஏற்கெனவே தமிழ்த்தாய் வாழ்த்தோடுதான் தொடங்குகின்றன. நிலத்தைப் பெண்ணாக்கி வணங்குகிறோம். நாற்று நட்ட பெண்ணுக்குப் பட்டா இருந்ததா என்று கேட்பதில்லை. ஒரகடம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையால் 1892இல் ஒதுக்கப்பட்டதே பஞ்சமி நிலம். அதை மீட்கும் காரணைப் போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

எனவே தலித், இருளர் பெயர்களோடு சர்வே எண்ணையும் வாசிப்போம். பெயருக்குக் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். எண்ணுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.