கர்சர் நகர்ந்தால் கன்டெய்னர் மாறும்: நான்கு எடிட்டர்கள், ஒரு சோதனை

சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று எங்கே கன்டெய்னர் பெட்டி இறங்கினாலும், அதைப் பற்றிய தகவல் பெரும்பாலும் எடிஃபேக்ட் என்ற ஐ.நா. வடிவத்தில்தான் கைமாறுகிறது. கேட்டைத் தாண்டிய பெட்டிகளுக்கு கோடெகோ, கப்பலில் எந்தப் பெட்டி எங்கே அடுக்கியிருக்கிறது என்பதற்கு பேப்ளி. இரண்டுமே வெறும் எழுத்துக் கோப்புகள். ஏதாவது சிக்கல் என்றால் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ உள்ள கிளியரிங் ஆபீஸில் ஒருவர் அந்தக் கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, பெட்டி எண்ணைத் தேடிப் பிடித்துப் பார்ப்பார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஓடும் மென்பொருள் அதே கோப்பைப் புதிதாக எழுதிவிட்டால், எடிட்டர் ரீலோட் செய்யும். கர்சர் அதே பெட்டியில் நிற்குமா? கன்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும். ஒரே கம்பெனியின் பெட்டிகள் அடுத்தடுத்து வந்தால் வித்தியாசம் சில இலக்கங்களில்தான் இருக்கும். கண்ணுக்குச் சட்டென்று படாது. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் ஏற்றுமதிப் பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேச விதி. பக்கத்துப் பெட்டியின் வரியில் எடையைத் திருத்திவிட்டால், எண்ணூர் நெடுஞ்சாலை வரிசையில் மணிக்கணக்காக நின்று சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வந்து சேர்ந்த டிரெய்லர் டிரைவர்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும்.

அதனால் கற்பனை எண்களால் ஒரு பட்டியல் செய்து, நடுவில் ஒரு பெட்டியில் கர்சரை நிறுத்தி, வேறு ஜன்னலிலிருந்து கோப்பை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் மட்டும் வரிகள் சேர்ந்தால் நான்கு எடிட்டர்களுமே தேறிவிடுகின்றன. மேலே வரி சேரும்போதுதான் சாயம் வெளுக்கிறது.

நோட்பேட் பிளஸ் பிளஸ், கோப்பு மாறிவிட்டது, ரீலோட் செய்யவா என்று கேட்கும். கேட்காமலே செய்யவும் அமைப்பில் வழி உண்டு. ஆனால் திரும்பி வருவது கோப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணிய பழைய இடத்துக்கு. மேலே பத்து வரி புதிதாக வந்தால், கர்சர் வேறொரு பெட்டியில் நிற்கும். விம் எடிட்டரும் வரி எண்ணைத்தான் நினைவில் வைக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது வேறு: 2010இல் வந்த 7.3 பதிப்பிலிருந்து, ரீலோட் ஆனதையே அன்டூ செய்து பழைய கோப்பைப் பார்க்கலாம். பத்தாயிரம் வரி வரை இது தானாகவே கிடைக்கும்.

விஎஸ் கோட் இன்னும் கொஞ்சம் புத்திசாலி. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, தலைப்பக்கம் மாறாத வரிகளையும் வால்பக்கம் மாறாத வரிகளையும் தொடாமல் விட்டு, நடுவை மட்டும் மாற்றுகிறது. மேலே மட்டும் வரி சேர்ந்தபோது கர்சர் தன் பெட்டியை விடவில்லை. இதோடு நிறுத்தியிருந்தால் இதற்கே பரிசு கொடுத்திருப்பேன்.

எடிஃபேக்ட் கோப்பு அப்படி மாறுவதில்லை என்பதுதான் விஷயம். ஒவ்வொரு முறை எழுதும்போதும் தலையில் உள்ள யுஎன்பி பகுதியில் தேதி, நேரம், கட்டுப்பாட்டு எண் மாறும். புதிய பெட்டி சேர்ந்தால் வாலில் உள்ள யுஎன்டி பகுதியில் எண்ணிக்கையும் மாறும். தலையும் வாலும் மாறினால் இரு முனையிலும் தொடாமல் விட மாறாத வரி மிஞ்சாது. இடையில் உள்ள அத்தனையும் புதிது என்றே எடிட்டர் எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, பகுதிகளைப் பிரிப்பது ஒற்றை மேற்கோள் குறி; பல கோப்புகளில் வரி முறிவே இருக்காது. முழுக் கோப்பும் ஒரே வரி. வரி வரியாக ஒப்பிடும் முறைக்கு அங்கே வேலையே இல்லை.

ஈமேக்ஸ் இங்கேதான் தனித்து நிற்கிறது. அதன் வழக்கமான ரீலோடும் தலை, வால் ஒப்பீடுதான். ஆனால் 2022இல் வந்த 28.1 பதிப்பில் நுணுக்கமாக ரீலோட் செய்யும் கட்டளை ஒன்று சேர்ந்தது: ரிவர்ட் பஃபர் வித் ஃபைன் கிரெய்ன். யூஜின் மயர்ஸ் 1986இல் வெளியிட்ட வேறுபாடு காணும் முறையை வைத்து, உண்மையில் மாறிய எழுத்துகளை மட்டும் மாற்றுகிறது. தலையும் வாலும் மாறி, நடுவிலும் பெட்டிகள் சேர்ந்த ஒற்றை வரிக் கோப்பில்கூட கர்சர் அதே பெட்டி எண்ணில், அதே எழுத்தில் நின்றது. ஒரு எல்லை உண்டு: இரண்டு விநாடிக்குள் கணக்கு முடியாவிட்டால் முழுவதையும் அழித்துப் புதியதைச் செருகிவிடும். பெரிய பேப்ளி கோப்புகளுக்கு அந்த நேரத்தை அமைப்பில் கூட்டிக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொள்ளச் சிரமம் என்பதால் எல்லோரையும் ஈமேக்ஸுக்கு மாறச் சொல்ல மாட்டேன். கடைசியில் மட்டும் வரி சேரும் லாக் கோப்பைப் பார்ப்பவருக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் போதும். ஓடும் கோப்பில் கை வைத்துத் திருத்துபவர் ஈமேக்ஸ் பழகட்டும். முடியாதென்றால் கோப்பை நகலெடுத்துத் திருத்துங்கள், கேட்காமல் ரீலோட் செய்யும் வசதியை இன்றே நிறுத்திவிடுங்கள், சேமிக்கும் முன் பதினொரு எழுத்துகளையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.